சிட்னி ஓபரா ஹவுஸ்: உள்ளே போகணுமா, வெளியே நின்று படம் எடுத்தால் போதுமா?

கேள்வி, பினாங்கு மாநிலம் பிறையிலிருந்து வாசகர் ஒருவர், 4 பிப்ரவரி

பள்ளி விடுமுறையில் சிட்னி போகிறோம். நான், வீட்டுக்காரி, அம்மா, பிள்ளைகள். ஓபரா ஹவுஸைச் சுற்றிக் காட்ட ஆளுக்கு நாற்பது டாலருக்கு மேல் கேட்கிறான். அதை மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். வெளியே நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஏதாவது விட்டுப் போகுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு 11.10

சுற்றிப் பார்க்கக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசை ஒரு நிகழ்ச்சி டிக்கெட்டில் போடுங்கள். என்ன நிகழ்ச்சி என்பது அப்புறம்.

நான் பினாங்கில் ஒலிபெருக்கி வேலை செய்கிறவன். கோயில் திருவிழா, கல்யாணம், பரதநாட்டிய அரங்கேற்றம், யார் கூப்பிட்டாலும் லோரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காலி மண்டபம் வேறு, ஆள் நிறைந்த மண்டபம் வேறு. இந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம். சாயங்காலம் நாலு மணிக்கு மைக்கை எல்லாம் சரிபார்த்து வைத்திருப்போம். எட்டு மணிக்குப் பட்டுச் சேலைகளும் ஜிப்பாக்களுமாக ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் வைத்த கணக்கு அத்தனையும் மாறிவிடும். உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும்.

ஓபரா ஹவுஸும் ஒரு மண்டபம்தானே. காலியாக இருக்கும்போது போய்ப் பார்த்தால் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

4 பிப்ரவரி, இரவு 11.25

விட்டுப்போனது: 'ஓபரா ஹவுஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கூரைகளுக்குக் கீழே ஒன்றல்ல, பல அரங்குகள். சிம்பொனி (பெரிய வாத்தியக் குழுவின் கச்சேரி), நாடகம், நகைச்சுவை, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, ராக் கச்சேரி என்று எல்லாம் நடக்கிறது. இருப்பதிலேயே பெரிய அரங்கில் ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம், நடப்பது அபூர்வம். அது கச்சேரி அரங்கம், 2,600 பேருக்கு மேல் உட்காரலாம். ஓபரா நடப்பது அடுத்த கூரைக்குக் கீழே இருக்கும் சின்ன அரங்கில், சுமார் 1,500 இருக்கை. இது ஏன் இப்படித் தலைகீழாக ஆனது என்பது பெரிய கதை, பிறகு எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, மதியம்

"உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், தத்துவம் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி.

நான் போனது சின்னம்மாவோடு. அண்ணன் மகள் வெண்ட்வொர்த்வில்லில் இருக்கிறாள். சிட்னியின் மேற்குப் பக்கம், தமிழர்கள் நிறைய. காலையில் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம், சாயங்காலம் ரயிலேறிச் சர்க்குலர் கீ. நிலையத்தின் மேடையிலேயே நிற்கலாம்: ஒரு பக்கம் பாலம், கீழே பெரிப் படகுகள், எதிர்க்கரையில் வெள்ளைக் கூரை. சின்னம்மாவுக்கு அந்த இடத்திலேயே திருப்தி. "பார்த்தாச்சு, போலாமா?" என்றார்.

சின்னம்மா காஞ்சிபுரம் கட்டி, அதற்கு மேல் அண்ணன் மகளின் குளிர்ச் சட்டையும் போட்டிருந்தார். நுழைவாசலில் பையை உள்ளே விட மாட்டேன் என்றார்கள். பெரிய பையானால் பொருள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பைக்குள் இருந்தது சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், தைலம், ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய முறுக்கு. வாங்கிவைத்த பையன் அதற்கு எண் வில்லை கொடுத்தபோது, சின்னம்மா நகைக்கடை ரசீதை வாங்குவதுபோல அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் நான் தொழில் புத்தியில் பெட்டிகளைத் தேடினேன். அன்று முழுக்க வாத்தியங்கள்தான். ஒரு ஸ்பீக்கர் பாடவில்லை, வாசிக்கிறவர்கள் முன்னால் மைக் தாங்கியும் இல்லை. முதலில் ஓபோ என்ற ஊதுவாத்தியம் வாசிக்கிறவர் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார், மற்ற எல்லோரும் அதோடு சேர்த்துச் சுருதி கூட்டினார்கள். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நல்ல தூரம். ஆனால் அந்தச் சுரம் பக்கத்து இருக்கையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. சின்னம்மா என் காதில், "உன் பெட்டி இல்லாமலே கேட்குதேடா" என்றார்.

என் பிழைப்பைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனம் எனக்குக் கிடைத்ததில்லை.

5 பிப்ரவரி, இரவு

இடைவேளையை எழுத விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். கச்சேரி அரங்கத்தின் கடல் பக்கத்தில் ஒரு முகப்புக் கூடம் இருக்கிறது, முழுக்கக் கண்ணாடி. இருட்டில் துறைமுகம், மேன்லி பெரி, பாலத்து விளக்குகள் எல்லாம் காலடியில் இருக்கும். டிக்கெட் வாங்கியவர்கள் கையில் ஒரு குவளையோடு அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். வெளியே படம் எடுப்பவர்களுக்கு இந்த இடம் கிடைக்காது. சின்னம்மா அந்தக் கண்ணாடிப் பக்கம் போய் நின்றவர், மணி அடித்த பிறகும் நகரவில்லை.

7 பிப்ரவரி

ஒருவர் இணையத்தில் படித்துவிட்டு வந்து, "அந்த அரங்கத்தின் சத்தம் மோசம் என்று அவர்கள் நாட்டு இசைக்காரர்களே சொல்கிறார்களே, நீங்கள் என்ன இப்படிப் புகழ்கிறீர்கள்?" என்று மடக்குகிறார்.

அவர் படித்ததும் சரி, நான் கேட்டதும் சரி. நடுவில் ஒரு பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது.

2011ல் ஆஸ்திரேலிய இசை இதழ் ஒன்று அந்த நாட்டின் 20 பெரிய அரங்குகளை இசைக்கலைஞர்களையும் விமரிசகர்களையும் கேட்டு வரிசைப்படுத்தியது. ஓபரா ஹவுஸின் கச்சேரி அரங்கத்துக்கு 18ஆம் இடம். ஓபரா அரங்குக்கு 20, அதாவது கடைசி. உலகம் முழுக்கத் தபால்தலையிலும் சாவிக்கொத்திலும் இருக்கும் கட்டடத்துக்கு!

என் தொழில் கண்ணில் காரணம் எளிது. கூரை வெளியே அழகாக உயர வேண்டும் என்பதால் உள்ளேயும் உயரம் அதிகம். மேடைக்கு மேல் ஏறக்குறைய 25 மீட்டர். வாத்தியத்தின் சத்தம் மேலே போய்த் தொலைந்துவிடும். வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது கேட்காது. தவில்காரருக்கு நாயனம் கேட்காவிட்டால் கச்சேரி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதைச் சமாளிக்க மேடைக்கு மேலே பிளாஸ்டிக் வளையங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பழைய படங்களில் அந்த வளையங்களைப் பார்க்கலாம்.

அப்புறம் அரங்கத்தையே இரண்டு வருஷத்துக்கு மேல் மூடி, 150 மில்லியன் டாலர் செலவில் வேலை செய்து 2022 ஜூலையில் திறந்தார்கள். வளையங்கள் போய், மேடைக்கு மேல் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இதழ் வடிவப் பலகைகள் வந்தன. அவற்றை ஏற்றலாம், இறக்கலாம். மேடையை 400 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். சுவர்ப் பலகைகளில் சத்தம் ஒரே திசையில் திரும்பாமல் சிதறும்படி மேடுபள்ளமாக மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். பெட்டி வைத்து நடத்தும் கச்சேரிக்கு எதிரொலியைக் குறைக்கத் தானே இறங்கும் திரைகளும் உண்டு.

400 மில்லிமீட்டர் என்றால் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நம்ம ஊரில் ஒரு டேவானில் (பொது மண்டபத்தில்), பெயர் வேண்டாம், ஸ்பீக்கரை ஒரு நாற்காலி உயரம் ஏற்றி வைத்ததற்கே முன்வரிசைக் கிழவர்கள் என்னைத் திட்டுவதை நிறுத்தினார்கள். உயரம் லேசான விஷயமில்லை.

7 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

நான் கேட்டது 2022க்குப் பிந்திய கச்சேரி அரங்கம் மட்டும். ஓபரா அரங்கில் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றி என்னிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்.

9 பிப்ரவரி

கோலாலம்பூர் நண்பர் ஒருவர், "கட்டியவரை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள், அவர் கோபத்தில் செத்துப் போனார்" என்று எழுதியிருக்கிறார். இது சினிமாக் கதை. நடந்தது வேறு, இதைவிட வருத்தமானது.

ஜோர்ன் உட்சோன், டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர். ஓபரா ஹவுஸை வடிவமைக்க வைத்த போட்டிக்கு 233 வரைபடங்கள் வந்தன, 1957 ஜனவரியில் இவர் ஜெயித்தார். அப்போது வயது 38. கழித்துக் கட்டிய குவியலிலிருந்து ஒரு நடுவர் இவருடைய வரைபடத்தைப் பொறுக்கி எடுத்தார் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

1959 மார்ச்சில் வேலை ஆரம்பித்தது. கூரையை எப்படி நிறுத்துவது என்று அப்போது யாருக்கும் தெரியாது! மாநில முதல்வர் ஜோ கஹில், அரசியல் மாறினால் திட்டம் நின்றுபோகும் என்று அவசரப்படுத்தினார். அந்த வருஷக் கடைசியைப் பார்க்காமல் அவரும் இறந்துவிட்டார். அஸ்திவாரமும் தூண்களும் முதலில் எழும்பின, கூரைக் கணக்கு பின்னால் வந்தது. வந்த கணக்கில் கூரை நினைத்ததைவிடக் கனம், தூண்கள் தாங்காது. சில தூண்களை உடைத்து மறுபடி கட்டினார்கள். மதிப்பிட்டது 7 மில்லியன் டாலர், முடிந்தபோது 102 மில்லியன். 1963 ஜனவரியில் முடிய வேண்டியது, 1973 அக்டோபர் 20ல் எலிசபெத் ராணி வந்து திறந்தார்.

1965ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணி அமைச்சர் உட்சோனின் சம்பளத்தை நிறுத்தி வைத்தார், செலவுக்கு வரிசையாகக் கேள்வி கேட்டார். 1966 பிப்ரவரியில் உட்சோன் தாமே விலகினார். அவர் திரும்ப வேண்டும் என்று சிட்னியில் ஊர்வலம் எல்லாம் போனார்கள். அந்த வருஷமே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனவர் அப்புறம் ஆஸ்திரேலியாவில் கால் வைக்கவே இல்லை. உள் அரங்குகளை முடித்தது பீட்டர் ஹால் என்ற உள்ளூர்க் கலைஞர் தலைமையிலான குழு. ஓபரா இசைக்குழுவுக்கு இடமில்லை என்ற திட்டு முழுக்க அவர் தலையில் விழுந்தது. பாவம் அவர்.

உட்சோன் 2008 நவம்பரில் 90 வயதில் இறந்தார். அதற்கு முன் 1999ல் சிட்னிக்காரர்கள் சமாதானமாகப் போய் ஆலோசனை கேட்டார்கள். உள்ளே ஒரு கூடத்தை அவர் வடிவமைத்துக் கொடுத்தார், 2004ல் திறந்தது. 2003ல் கட்டடக் கலையின் பிரிட்ஸ்கர் பரிசு, 2007ல் கட்டடத்துக்கு யுனெஸ்கோ உலக மரபு. எல்லாம் வந்தது. முழுக்கட்டடத்தை மட்டும் அவர் நேரில் பார்க்கவில்லை.

9 பிப்ரவரி, இரவு

பணம் எங்கே வந்தது என்று கேட்டவருக்கு: லாட்டரி. நிஜமாகவே. 1957ல் ஓபரா ஹவுஸுக்கென்றே லாட்டரி ஆரம்பித்தார்கள். 102 மில்லியனில் பெரும் பங்கு அந்தச் சீட்டுக் காசு. 1975லேயே கட்டடச் செலவு அடைந்துவிட்டது.

நம்ம ஆட்களும்தான் புதன், சனி, ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் எடுக்கிறார்கள். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், பக்கத்து வீட்டுக் கார் மோதினால் அந்தக் காரின் நம்பர். இத்தனை வருஷத்தில் பினாங்கு பாடாங் கோத்தா கடற்கரையில் ஓபரா ஹவுஸ் மூன்று வந்திருக்கணும்.

10 பிப்ரவரி

சின்னது ஒன்று. ஓபரா அரங்கில் இசைக்குழு உட்காரும் பள்ளத்துக்கு மேல் வலை கட்டியிருக்கிறார்கள். எண்பதுகளில் ஒரு ரஷ்ய ஓபராவுக்கு மேடையில் உயிருள்ள கோழிகளை விட்டார்களாம். ஒன்று மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர் மேல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வலை.

திருவிழா நாடக மேடையில் என் மிக்ஸர் மேல் ஒரு பூசணிக்காய் உருண்டு விழுந்திருக்கிறது. எனக்கு யாரும் வலை கட்டித் தரவில்லை.

12 பிப்ரவரி

முதல் குறிப்பில் 'சுற்றிப் பார்க்கக் காசு கொடுக்காதீர்கள்' என்று ஒரே போடாகப் போட்டேன். அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஈப்போவிலிருந்து ஒரு அக்கா, கட்டட வேலையில் இருப்பவர், சுற்றுலாவில் போய் வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். கூரைக்கு அடியில் நின்று கான்கிரீட் விலா எலும்புகளை அண்ணாந்து பார்த்தது அவருக்கு எந்தக் கச்சேரியையும்விட மேலாம். அவரவர் தொழில் அவரவர் கண். பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் பிடிக்குமென்றால் அந்தச் சுற்றுலா வீண் போகாது.

கூரைக் கணக்கை நான் புரிந்துகொண்ட விதம் இது. உட்சோன் முதலில் வரைந்த கூரைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வளைவு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும் என்றால் காசு கட்டாது. ஓவ் அரூப் நிறுவனத்துப் பொறியாளர்கள் வருஷக்கணக்கில் முட்டி மோதினார்கள். 1961ல்தான் விடை கிடைத்தது: எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே உருண்டையிலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வது. தம்புன் பம்பளிமாஸ் ஒன்றை வாங்கித் தோலைச் சின்னதும் பெரியதுமாகச் சீவி மேசையில் நிமிர்த்தி வையுங்கள். அளவு எப்படி இருந்தாலும் வளைவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். வளைவு ஒன்றானதால் அதே அச்சுகளில் திரும்பத் திரும்பத் துண்டுகளை வார்க்க முடிந்தது.

12 பிப்ரவரி, இரவு

ஓடுகளைத் தொட்டுப் பாருங்கள். இது இலவசம். பெரிய படிக்கட்டில் ஏறினால் கூரை தரையைத் தொடும் இடத்துக்குக் கிட்டப் போகலாம்.

தூரத்தில் தூய வெள்ளையாகத் தெரிகிறதே, பக்கத்தில் போனால் இரண்டு வகை ஓடுகள். ஒன்று பளபளக்கும் வெள்ளை, இன்னொன்று மங்கலான பாலாடை நிறம். பளபளப்பு நடுவில், மங்கல் ஓரத்தில். அதனால்தான் கூரை முழுக்க அம்பு அம்பாகக் கோலம் தெரிகிறது. பளபளப்பான ஓட்டில்கூட மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழ இல்லை. விரலை ஓட்டினால் லேசாகச் சொரசொரக்கும். வெயில் பட்டால் கண் கூசாமல் ஒளி உடைந்து போவது அதனால்தான் போல. ஸ்வீடனில் ஹோகனாஸ் என்ற இடத்து நிறுவனம் செய்தது. மொத்தம் 1,056,006 ஓடுகள். அந்தக் கடைசி ஆறை எண்ணியவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் கண் முன்னால் மேகம் வந்தது. கூரை முதலில் சாம்பலானது, வெயில் திரும்பியதும் மஞ்சளானது, சாயங்காலம் லேசான சிவப்பு. ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு ஒரு நிறம்தான் கிடைக்கும்.

15 பிப்ரவரி

அம்மாவின் முழங்கால் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை நாள் கதை அளந்திருக்க மாட்டேன்.

வழக்கமான சுற்றுலாவில் படிகள் நூற்றுக்கணக்கில். முட்டி வலிக்கிறவர்களுக்கு வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கென்று படியில்லாத சுற்றுலா தனியாக உண்டு, அதை முன்கூட்டியே பதிய வேண்டும். நிகழ்ச்சிக்குப் போவதானால் மின்தூக்கி இருக்கிறது. 2022 வேலையில் கச்சேரி அரங்கத்தின் கடல் பக்கக் கூடத்துக்கும் மின்தூக்கி போட்டுவிட்டார்கள். அதற்கு முன் சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் கூடம் எட்டாக்கனி. வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். சின்னம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. அவருக்குச் சின்னம்மாவைவிட வயது கூடுதல்.

சர்க்குலர் கீ நிலையத்திலிருந்து நடை தூரம்தான், சமதளம். காற்றுதான் சிக்கல். அந்த முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூன்று பக்கமும் தண்ணீர். நம்ம பினாங்கு கேர்னி டிரைவ் கடற்கரைக் காற்றை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். குளிர் காலமானால் காதை மூடணும்.

சாப்பாடு: அங்கே திறந்தவெளியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினால் கடற்பறவைகள் தட்டிலிருந்தே அடித்துக்கொண்டு போகும். அவற்றை விரட்டவே நாய்களை வைத்திருக்கிறார்கள். நாய்க்குச் சம்பளமா என்று சின்னம்மா விசாரித்தார்.

15 பிப்ரவரி, அதே இரவு

முறுக்கு, ஊறுகாய், கருவேப்பிலை எதுவாக இருந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டுக் காட்டினால் முறுக்கை விட்டுவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம், அந்தக் காசில் கச்சேரிக்குக் குடும்பத்தோடு போகலாம். மலேசியக் கடப்பிதழுக்கு இணையப் பயண அனுமதி போதும், கைப்பேசியிலேயே எடுக்கலாம்.

17 பிப்ரவரி

"கச்சேரி கேட்கச் சிட்னி வரை போகணுமா, இங்கே இல்லையா?" என்று இரண்டு பேர். நல்ல கேள்வி, கொஞ்சம் கோபத்தோடு கேட்டிருந்தாலும்.

இருக்கிறது. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம், 1998ல் திறந்தது. தினம் அதே கட்டடத்துப் பேரங்காடிக்குப் போகும் பலருக்கு அங்கே ஒரு கச்சேரி அரங்கம் இருப்பதே தெரியாது. அதன் கூரைப் பலகைகளையும் ஏற்றி இறக்கலாம். ஒலிக்கு அது சோடை போகாது. சிட்னிக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் பிள்ளைகளுக்கு எங்கே கைதட்டுவது, எங்கே தும்மலை அடக்குவது என்று பிடிபடும்.

செந்தூலில் இன்னொன்று. பழைய ரயில்வேக் கட்டடத்தை 2005ல் நாடக அரங்கமாக மாற்றியது. செந்தூல் ரயில்வேப் பட்டறைகளில் நம்ம தாத்தாக்கள் எத்தனை பேர் இரும்படித்தார்கள்! இன்று அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல் மிஞ்சும். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981லிருந்து நடனமும் சங்கீதமும் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே மட்டும் போவோம், அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளை ஆடினால்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், கட்டடத்தைப் பற்றி இல்லை.

17 பிப்ரவரி, இன்னும்

பினாங்குக்கே வருகிறேன். பாடாங் கோத்தா லாமாவில் கடலைப் பார்த்து நில்லுங்கள். ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, பின்னால் பழைய நகர மண்டபங்கள், பக்கத்தில் டேவான் ஸ்ரீ பினாங். சிட்னியிலும் முதலில் அந்த முனையில் ஆங்கிலேயன் கட்டிய கோட்டை இருந்தது. பிறகு அதை இடித்து டிராம் வண்டிக் கொட்டகை ஆக்கினார்கள், அதையும் இடித்துத்தான் ஓபரா ஹவுஸ். அதற்கெல்லாம் முன்னால் அது கடிகல் மக்களின் இடம். பெனலாங் என்ற பூர்வகுடிக்காரர் பெயரால்தான் இன்றும் அந்த முனையை அழைக்கிறார்கள்.

நம்மிடம் கடல் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, டேவானும் இருக்கிறது. சாயங்காலம் அந்தச் சுவரில் உட்கார்ந்து கச்சான் (நிலக்கடலை) கொறிக்கிற கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டம் எழுந்து சாலையைத் தாண்டி டேவானுக்குள் போவதில்லை. சிட்னியில் கூட்டம் படியேறி உள்ளே போகிறது. போன தலைமுறை சீட்டு வாங்கிக் கட்டியதால், அது தங்கள் வீடு என்ற நினைப்பு இருக்கும்போல.

18 பிப்ரவரி

"நீங்கள் மட்டும் போகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். போகிறேன். காசு வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக, கேபிளைச் சுருட்டிக்கொண்டு.

20 பிப்ரவரி

1960 நவம்பரில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் சிட்னி வந்தார். ஓபரா ஹவுஸ் அப்போது வெறும் கான்கிரீட்டும் சாரமும். கட்டட வேலைக்காரர்களுக்கு மதிய இடைவேளையில் அங்கேயே நின்று பாடினார். சாரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டார்கள். பழைய படச்சுருளில் பார்க்கலாம். ராணி வந்து திறப்பதற்கு 13 வருஷம் முன்னால், கூரை இல்லாத ஓபரா ஹவுஸில் நடந்த முதல் கச்சேரி கல் சுமந்தவர்களுக்குத்தான். உட்சோனின் கதையைவிட எனக்கு இது கிட்டே வருகிறது. பினாங்குப் பாலம் கட்டியபோது யாராவது வந்து பாடினார்களா என்று என் மாமாவைக் கேட்டேன். "சோறு வந்தாலே பாட்டுதான்" என்றார்.

23 பிப்ரவரி

முன்பு பாக்கி வைத்தது: ஓபரா ஏன் சின்ன அரங்குக்குப் போனது. பெரிய அரங்கில் சிம்பொனியும் ஓபராவும் இரண்டும் நடக்க வேண்டும் என்பது முதல் திட்டம். ஓபராவுக்கு மேடைக்கு மேலே உயரமும் யந்திரமும் வேண்டும். சிம்பொனி நடத்திய வானொலி நிறுவனத்துக்கு இருக்கைகள் நிறைய வேண்டும், எதிரொலி நீள வேண்டும். இரண்டும் ஒரு கூரைக்குள் ஒத்துவரவில்லை. உட்சோன் போன பிறகு 1967ல் பெரிய அரங்கம் கச்சேரிக்கு மட்டும் என்று முடிவானது. ஓபரா சின்ன அரங்குக்கு, நாடகம் அதையும்விடச் சின்னதற்கு. பெரிய மேடைக்காகச் செய்து வைத்திருந்த யந்திரங்கள் வீணாயின.

இரண்டு பெரிய அரங்குகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் மேடையின் இரு புறமும் இடமில்லை. அரண்மனையோ தோட்டமோ எந்தக் காட்சிச் சாமானானாலும் கீழேயிருந்து மின்தூக்கியில் ஏறி வர வேண்டும். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவனாக யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. தினம் தினம் அதைச் செய்கிறார்களே, அவர்களைத்தான் ஒருநாள் பார்க்கணும். மேடைப் பின்புறத்தை மட்டும் காட்டும் சுற்றுலா உண்டு. அதற்கு நானே காசு கொடுப்பேன்.

27 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை சிம்பொனி கிடைத்திருக்கிறதாம், மேடைக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள்தான் விலை குறைவு, எடுக்கலாமா என்கிறார்.

எடுங்கள். பாடகர் இருக்கும் நிகழ்ச்சியானால் வேண்டாம் என்பேன், அவர் முதுகுதான் கிடைக்கும், குரல் முன்பக்கம் போய்விடும். வெறும் வாத்தியம் என்றால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இசைக்குழுவை நடத்துகிறவரின் முகம் தெரியும். முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவருடைய கோட்டின் முதுகுதான் தெரியும். பெரிய செம்புத் தோல்வாத்தியம் வாசிப்பவர் காலடியில் இருப்பார். அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து காதைத் தோலுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒரு விரலால் யாருக்கும் கேட்காமல் தட்டிச் சுருதி பார்ப்பார். மிருதங்கக்காரர்கள் செய்வதேதான். சின்னம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கத்தை விட்டார்.

டிக்கெட்டில் ஏழரை என்றால் ஏழரைக்குக் கதவை மூடிவிடுவான். நம்ம ஊர்க் கணக்கில் எட்டரைக்கு வந்து 'இன்னும் குத்துவிளக்கே ஏற்றவில்லையா' என்று கேட்க முடியாது. தாமதமானால் முதல் உருப்படி முடியும்வரை வெளியே தொலைக்காட்சித் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கணும். ஆறரைக்கே போய்விடுங்கள், அம்மாவை மின்தூக்கிப் பக்கம் அனுப்பிவிட்டு நீங்கள் படியில் ஏறுங்கள். ஃபிளாஸ்க்கை ஹோட்டல் அறையிலேயே வையுங்கள்.